மூளைக்கு டானிக் உண்டா சாரே?

இந்த தடவ கேள்வி பதில் பக்கத்துக்கு வந்த கடுதாசி, வாட்ஸ்அப்பு எல்லாம் பிரிச்சி பாத்தா பாதிக்கு மேல ஒரே சங்கதிதான். மறதி, கவனம் நிக்க மாட்டேங்குது, புள்ள ராத்திரி பகலா படிக்குது ஆனா பரிட்சையில வர மாட்டேங்குது, முடிவு எடுத்தா தப்பாவே போகுது. கம்பெனி இன்டர்வியூவுல இதுக்கெல்லாம் காக்னிட்டிவ் ஸ்கில்னு பெருசா பேரு சொல்லுவாங்க. தனித்தனியா பதில் போடாம ஒண்ணா போட்டுருக்கேன், எழுதினவங்க பேர எடுத்துட்டு ஊர மட்டும் வெச்சிருக்கேன்.

மார்த்தாண்டம், ஹார்டுவேர் கடைக்காரர்: சாரே, எனக்கு வயசு 46தான் ஆகுது. ஒரு ஆளு வந்து அஞ்சாறு சாமான் சொல்லுவாரு, எடுக்க உள்ள போவேன், ரெண்டாவது ரேக்கு பக்கம் போறதுக்குள்ள ஃபோன் அடிக்கும், பேசிட்டு பாத்தா அவரு என்ன கேட்டாருன்னே ஓர்மை இல்ல. எங்க அப்பா எழுதாமலே இருபது சாமான் எடுத்து வைப்பாரு. எனக்கு மண்டையில ஏதாவது கோளாறா?

கோளாறு மாதிரி எனக்கு தெரியல, இது எல்லாருக்கும் நடக்குறதுதான். ஒண்ண மனசுல பிடிச்சி வெச்சிக்கிட்டே இன்னொரு வேலை பாக்குறதுக்கு மூளையில ஒரு வசதி இருக்கு, வொர்க்கிங் மெமரின்னு சொல்லுவாங்க, அது ரொம்ப சின்னது. 1956ல ஜார்ஜ் மில்லர்னு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் ஏழு கிட்ட நிக்கும்னு எழுதினாரு, 2001ல நெல்சன் கோவன் எல்லாத்தையும் திருப்பி அலசி பாத்துட்டு நாலு கிட்டதான்னு குறைச்சிட்டாரு. உங்க கடைக்கு வர்றவரு "அரை இஞ்சு எல்போ நாலு, டீ ஜாயிண்ட்டு ரெண்டு, கேட் வால்வு ஒண்ணு, டெஃப்லான் டேப்பு, சால்வென்ட்டு"ன்னு சொல்லி முடிக்கும்போதே அது நெறஞ்சாச்சு, அதுக்கு மேல ஃபோன்ல ஒருத்தரு சிமெண்டு ரேட்டு கேட்டா பழசு வெளிய போகத்தான் செய்யும்.

அப்போ அப்பாவுக்கு மட்டும் எப்படி முடிஞ்சுதுன்னு கேப்பீங்க. 1973ல சேஸ், சைமன்னு ரெண்டு பேரு செஸ் ஆட்டக்காரங்கள வெச்சி ஒரு சோதனை பண்ணினாங்க. நெசமான ஒரு ஆட்டத்துல காய் நிக்கிற நெலைய அஞ்சு செகண்டு காட்டிட்டு மறைச்சிட்டா மாஸ்டர் அதுல பெரும்பாலானத சரியா திருப்பி அடுக்குறாரு, புதுசா ஆடுறவருக்கு கொஞ்சம்தான் வருது. ஆனா அதே காய கண்டபடி எறைச்சி வெச்சி காட்டினா மாஸ்டருக்கும் புது ஆளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாம போச்சு. அவருக்கு ஓர்மை அதிகம்னு இல்ல, அவரு காய தனித்தனியா பாக்கல, கூட்டம் கூட்டமா பாக்குறாரு. உங்க அப்பாவும் அதேதான் பண்ணியிருப்பாரு, அவருக்கு இருபது சாமான் கேட்டிருக்காது, "ஒரு பாத்ரூமுக்கு லைன் இழுக்கிறான்"னு ஒண்ணுதான் கேட்டிருக்கும், மிச்சத்த அந்த வேலையே சொல்லி குடுத்திருக்கும். அதனால இனிமே சாமான் கேக்குறவர்ட்ட "என்ன வேலை நடக்குது அண்ணாச்சி"ன்னு மொதல்ல ஒரு வார்த்தை கேட்டு பாருங்க, லிஸ்ட்டு தன்னால ஒட்டும், அவரு விட்டுப்போன சாமானையும் நீங்களே எடுத்து குடுப்பீங்க, யாவாரமும் கூடும்.

ஃபோன் விசயத்துக்கு ஒரே வழி, எடுக்குறதுக்கு முன்னாடி பில் புக்குல ஒரு வார்த்தை கிறுக்கிட்டு எடுங்க. எழுதினா கௌரவ குறைச்சல்னு நெனைக்காதீங்க. சிட்னியில ரெண்டு ஆஸ்பத்திரியில நர்சுங்க மருந்து குடுக்கிறத கூட நின்னு பாத்து எழுதின ஒரு ஆய்வு 2010ல வந்துச்சு, நடுவுல ஒவ்வொரு தடவ யாராவது குறுக்க பேசும்போதும் தப்பு வர்றதுக்கான வாய்ப்பு சுமார் 12 சதவீதம் ஏறுச்சு. ஆபரேஷன் தியேட்டருக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு செக்லிஸ்ட் போட்டுச்சு, 19 அயிட்டம், டெல்லி உட்பட எட்டு ஊரு ஆஸ்பத்திரியில பரிசோதிச்சி 2009ல முடிவு வெளியிட்டாங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு வந்துச்சு. சர்ஜனே பேப்பர பாத்து வாசிக்கும்போது நமக்கு என்ன வெக்கம்.

நாகர்கோவில், ப்ளஸ் டூ படிக்கும் பொண்ணோட அம்மா: பாப்பா புஸ்தகத்த நாலு தடவ வாசிக்கா, கலர் பேனாவால கோடு போடுகா, கேட்டா எல்லாம் தெரியும்ங்கா, பரிட்சையில மறந்துருது. அவளுக்கும் தம்பிக்கும் சேத்து, பாட்டு போட்டு நடுமூளைய எழுப்புறோம்னு சொல்லுற மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன் வகுப்புல சேக்கலாம்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லுகாங்க, கண்ண கட்டிட்டு அங்க புள்ளைங்க வாசிக்குது. ஃபீஸ் கொஞ்சம் கூடுதல். சேக்கலாமா?

சேக்காதீங்க. நடுமூளைங்கிறது கண்ணு அசையிறது, சத்தம் கேட்டா டக்குன்னு திரும்புறது, உடம்பு அசைவு, முழிப்பு இந்த மாதிரி வேலைக்கு உதவுற சின்ன பகுதி. அது பொறந்ததுல இருந்தே வேலை செஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு, பாட்டு போட்டு எழுப்ப வேண்டிய அவசியம் இல்ல. கண்ண கட்டிட்டு வாசிக்கிறது மூக்கு ஓரத்துல இருக்குற சந்து வழியா. சந்தேகம் இருந்தா புஸ்தகத்த அந்த புள்ளையோட தலைக்கு மேல தூக்கி பிடிச்சி வாசிக்க சொல்லுங்க, இல்லாட்டி லைட்ட அணைச்சிட்டு கேளுங்க. பாவம் புள்ளைய திட்டாதீங்க, பெரியவங்க கை தட்டுறாங்கன்னு அது எட்டி பாக்குது, அவ்ளோதான். ஆனா அதுக்கு காசு வாங்குறவங்கள பத்தி நான் என்ன நெனைக்கிறேன்னு இந்த பக்கத்துல அச்சடிக்க மாட்டாங்க.

பாப்பா விசயத்துக்கு வருவோம், அதுல சொல்ல நெறைய இருக்கு. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரரு, அர்த்தமே இல்லாத அசைகள வரிசையா மனப்பாடம் பண்ணி எவ்ளோ சீக்கிரம் மறக்குதுன்னு தன்னையே வெச்சி அளந்து 1885ல புஸ்தகமா போட்டாரு. மறுபடி படிக்கும்போது மொத தடவைய விட எவ்ளோ நேரம் மிச்சமாகுதுங்கிறதுதான் அவரு கணக்கு. இருவது நிமிசத்துல அது 58 சதவீதம், ஒரு நாள்ல 34, ஒரு மாசத்துல 21. சட்டுன்னு சரிஞ்சி அப்புறம் மெதுவா போகுது பாத்துக்கிடுங்க. அப்போ ஒரே ராத்திரியில நாலு தடவ வாசிக்கிறத விட இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு, அடுத்த வாரம் ஒண்ணுன்னு பிரிச்சி போட்டா அதே நேரத்துல கூட நிக்கும்.

அத விட முக்கியமானது, வாசிக்கிறத நிறுத்திட்டு புஸ்தகத்த மூடணும். ரோடிகர், கார்பிக்னு ரெண்டு பேரு 2006ல காலேஜ் பசங்கள வெச்சி பாத்தாங்க. ஒரு குரூப்பு ஒரு பாடத்த நாலு தடவ வாசிச்சுது, இன்னொரு குரூப்பு ஒரு தடவ வாசிச்சிட்டு மூணு தடவ பேப்பர்ல ஓர்மையில இருக்குறத எழுதுச்சு. அஞ்சு நிமிசம் கழிச்சி கேட்டா வாசிச்ச குரூப்புதான் மேல, 83க்கு 71. ஒரு வாரம் கழிச்சி கேட்டா தலைகீழ், வாசிச்சவங்க 40 சதவீதம், எழுதினவங்க 61. இதுல வேடிக்கை என்னன்னா நமக்கு நல்லா ஓர்மை இருக்கும்னு அதிக நம்பிக்கையா சொன்னது வாசிச்ச குரூப்புதான். உங்க பாப்பா "எல்லாம் தெரியும்"ங்கிறதும் பொய் இல்லம்மா, வாசிக்க வாசிக்க பழகி போகுது, பழகினது தெரிஞ்ச மாதிரி தோணும். கலர் பேனாவ வாங்கி உள்ள வெச்சிட்டு ஒரு பழைய நோட்டு குடுங்க, பாடம் வாசிச்சதும் மூடிட்டு எழுதட்டும், அப்புறம் தொறந்து விட்டத பாக்கட்டும். கஷ்டமா இருக்கு, வர மாட்டேங்குதுன்னு அழுவா, அழட்டும். அந்த கஷ்டத்துலதான் ஏறுது. கணக்கு மட்டும் ஒரே வகைய இருபது போடாம நாலஞ்சு வகைய கலந்து போட சொல்லுங்க, எந்த கணக்குக்கு எந்த வழின்னு பிடிக்கிறதுதான் பரிட்சையில பாதி வேலை. அப்புறம் தூக்கம், அந்த வயசுல 8ல இருந்து 10 மணி நேரம் வேணும், ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சா படிச்சது மண்டையில ஒறைக்க நேரமே கெடைக்காது.

தோவாளை வாசகி: வல்லாரை சாப்பிட்டா ஞாபக சக்தி வருமா?

ஆய்வு எல்லாத்தையும் சேத்து வெச்சி பாத்தா உறுதியா வரும்னு சொல்ல ஆதாரம் இல்லம்மா. தொவையலுக்கு நல்லாருக்கும், அதுக்காக சாப்பிடுங்க. கேப்சூல்ல அடைச்சி விக்கிறத வாங்காதீங்க.

பாறசாலை தாண்டி தினமும் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு ரயில்ல போற தம்பி, இரணியல்: என் அப்ரைசல்ல மல்டிடாஸ்கிங் வீக்குன்னு போட்டுட்டாங்க சார். கம்ப்யூட்டர்ல ப்ரோகிராம் கோடு எழுதிட்டு இருப்பேன், சாட்ல மெசேஜ் வரும், பதில் சொல்லிட்டு வந்தா எங்க விட்டேன்னு கண்டுபிடிக்கவே நேரமாகுது. பக்கத்து சீட்டு பையன் எல்லாம் ஒரே நேரத்துல பண்றான். இத எப்படி வளத்துக்கிறது?

தம்பி, பக்கத்து சீட்டு பையனும் ஒரே நேரத்துல பண்ணல, வேகமா மாறிக்கிட்டு இருக்கான், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவனும் கொஞ்சம் கட்டணம் கட்டுறான், வெளிய தெரியல. யோசிக்க வேண்டிய ரெண்டு வேலைய மண்டை சேத்து செய்யாது. நடந்துக்கிட்டே பேசலாம், பாத்திரம் கழுவிக்கிட்டே பாட்டு கேக்கலாம், அது வேற. சோஃபி லெராய்ங்கிற ஆராய்ச்சியாளர் 2009ல எழுதினது உங்களுக்கு அப்படியே பொருந்தும்: மொத வேலைய பாதியில விட்டுட்டு அடுத்ததுக்கு போனா கவனத்துல ஒரு பகுதி பழைய வேலையிலயே ஒட்டிக்கிட்டு நிக்குது, அதனால ரெண்டாவதும் மோசமா போகுது. அவங்களே அப்புறம் ஒரு சின்ன மருந்தும் சொன்னாங்க, விட்டுட்டு போறதுக்கு முன்னாடி எங்க நிக்கிறேன், திரும்பி வந்தா மொதல்ல என்ன செய்யணும்னு சுருக்கமா குறிச்சிட்டு போனா அந்த ஒட்டல் குறையுது. கோடுலயே ஒரு கமெண்ட் வரி எழுதிட்டு சாட்ட தொறங்க, அவ்ளோதான் வேலை.

மேனேஜர்ட்ட சண்டை போட வேண்டாம், "மெசேஜ் பாக்குறதுக்கு நேரம் வெச்சிக்கிறேன், அவசரம்னா கால் பண்ணுங்க"ன்னு ஒரு வாரம் கேட்டு பாருங்க. சம்மதிக்கலன்னா அந்த கமெண்ட் வரியாவது கை குடுக்கும். இன்னொண்ணு, "கவனமா இருப்பேன்"னு முடிவு பண்றது ஒண்ணுக்கும் உதவாது, "இது நடந்தா இத செய்வேன்"னு வெச்சிக்கிட்டா உதவும், பீட்டர் கோல்விட்சர்ங்கிற சைக்காலஜிஸ்ட் 1990கள்ல இருந்தே இத சொல்லிக்கிட்டு இருக்காரு. "இரணியல்ல ரயில் ஏறி ஒக்காந்ததும் இன்னைக்கு முடிக்க வேண்டிய ஒரே வேலைய எழுதுவேன்", இந்த மாதிரி. ஒக்காற எடம் கெடைச்சா, அது வேற கதை.

வடசேரி, ரிட்டயர்ட் ஆசிரியர்: தினமும் ஃபோன்ல மூளை விளையாட்டு ஆடுகேன். ஸ்கோர் நல்லா ஏறுது, ஆனா கண்ணாடிய எங்க வெச்சேன்னு தேடுறது மட்டும் குறையல. இன்னும் கூடுதல் நேரம் ஆடணுமோ?

கூடுதல் வேண்டாம் சார், ஸ்கோர் ஏறுதுன்னா அந்த விளையாட்டு நல்லா வருதுன்னு அர்த்தம். 2010ல நேச்சர் பத்திரிகையில ஒரு ஆய்வு வந்துச்சு, 11,430 பேரு ஆறு வாரம் கம்ப்யூட்டர்ல பயிற்சி எடுத்தாங்க, ஆடின ஆட்டத்துல எல்லாரும் தேறினாங்க, ஆடாத வேலைக்கு, அது அந்த ஆட்டம் மாதிரியே இருந்தாலும், ஒண்ணும் கடந்து போகல. 2016ல அமெரிக்காவுல லுமாசிட்டின்னு பிரபலமான ஒரு மூளை விளையாட்டு கம்பெனி, மறதி வராம தடுக்கும்னு ஆதாரமில்லாம விளம்பரம் பண்ணினதுக்காக 20 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிட்டுது. பொழுதுபோக்கா ஆடுங்க, தப்பில்ல.

கண்ணாடிக்கு ஒரு எடம் வைங்க, டிவி பக்கத்துல ஒரு பழைய சோப்பு டப்பா போதும், கழட்டினா அங்கதான். வைக்கும்போது கவனிக்காத ஒண்ண பின்னால ஓர்மையில தேடினா எங்க இருந்து வரும், அது உள்ள போகவே இல்லையே. கண்ணாடிய மட்டும் சொல்லல, பீரோ சாவி, ஆதார் கார்டு, பாஸ்புக்கு எல்லாத்துக்கும் இதே வைத்தியம். பொதுவா மூளைக்கு பலம் ஏத்துற வழி கேட்டுத்தான் எல்லாரும் எழுதுறீங்க, எனக்கு தெரிஞ்ச வரைக்கும் மண்டை மேல ஏத்துற சுமைய பேப்பருக்கும் டப்பாவுக்கும் எறக்கி விடுறதுதான் நெசமா வேலை செய்யுது.

தூத்தூர் வாசகர்: எங்க தாத்தா காலத்துல கரையில தெரியுற மலையையும் குருசடியையும் கணக்கு வெச்சி கடல்ல எடம் பிடிப்பாங்க, இப்போ எல்லாம் ஜிபிஎஸ். மூளை மழுங்கிருமா?

வழி பிடிக்கிற திறமை மழுங்கும், மொத்த மூளை இல்ல. லண்டன்ல டாக்சி ஓட்ட லைசென்ஸ் வேணும்னா சுமார் 25,000 தெருவ மனப்பாடம் பண்ணணும், எலினோர் மகுவயர் 2000ல அந்த டிரைவர்கள ஸ்கேன் பண்ணி பாத்ததுல ஓர்மைக்கும் வழி பிடிக்கவும் உதவுற ஹிப்போகேம்பஸ்ங்கிற மூளை பகுதியோட பின்பக்கம் மத்தவங்கள விட பெருசா இருந்துச்சு, முன்பக்கம் சின்னதா இருந்துச்சு. புதுசா ஒரு படத்த பாத்து ஓர்மையில வரையிற மாதிரி சோதனையில அவங்க மத்தவங்கள விட பின்தங்கவும் செஞ்சாங்க. ஒண்ணு வளந்தா எல்லாம் வளரும்னு இல்ல. ஆழ்கடலுக்கு போறவங்க ஜிபிஎஸ்ஸ விடவே வேண்டாம், உசிரு விசயம். ஆனா பாட்டரி செத்து போற நாளும் உண்டுல்லா, தாத்தாமாரு கணக்க தெரிஞ்சவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க.

குலசேகரம், வளைகுடாவுல வேலை பாக்குறவர்: வீடு கெட்டுறேன். கான்ட்ராக்டர் ஆறு மாசம்னாரு, நானும் கணக்கு போட்டேன், சரியாத்தான் வந்துச்சு, லீவு எடுத்து பால் காய்ச்ச தேதியும் வெச்சாச்சு. இப்போ கான்கிரீட்டே போடல. என் கணக்குல எங்க தப்பு?

கணக்குல தப்பில்ல, கணக்கு போட்ட விதம் அப்படி. எல்லாரும் வேலைய படிப்படியா மனசுல ஓட்டி பாக்குறோம், அஸ்திவாரம், கெட்டு, சென்ட்ரிங், பூச்சு, டைல்சுன்னு, அந்த படத்துல கொத்தனாரு வீட்டு கல்யாணம் வராது, மழை வராது. நம்ம ஜில்லாவுல தென்மேற்கு பருவமழையும் பெய்யும் வடகிழக்கும் பெய்யும், வருசத்துல பாதி நாள் சென்ட்ரிங் அடிக்க பயந்துக்கிட்டேதான் இருக்கணும், அது தெரியாத வெளியூர் காண்ட்ராக்டரா உங்க ஆளு? 1994ல ஒரு ஆய்வு, காலேஜ் பசங்கட்ட தீசிஸ் எத்தன நாள்ல முடிப்பேன்னு கேட்டாங்க, சராசரியா 34 நாளுன்னாங்க, எல்லாமே மோசமா போனா எவ்ளோன்னு கேட்டதுக்கு 49ன்னாங்க, கடைசியில ஆனது 56. மோசமா போனாலும்னு போட்ட கணக்கே பத்தல!

இதுக்கு டேனியல் கானமன் சொன்ன வைத்தியம் சுலபமானது, 2002ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கின சைக்காலஜிஸ்ட் அவரு. உங்க வீட்ட பத்தி யோசிக்காதீங்க, அதே மாதிரி வேலை மத்தவங்களுக்கு எவ்ளோ ஆச்சுன்னு கேளுங்க. உங்க தெருவுல கடைசியா கெட்டின வீட்டுக்காரங்க மூணு பேர்ட்ட மச்சினன விட்டு கேக்க சொல்லுங்க, ஆரம்பிச்ச மாசம், குடியேறின மாசம், மொதல்ல சொன்ன துட்டு, கடைசியில ஆன துட்டு, அவ்ளோதான் கேள்வி. அந்த பதில்தான் உங்க தேதி. டிக்கெட்டுக்கு குடுத்த காசு வீணாப்போகுதேன்னு அவசரப்பட்டு பூச்சு காயாம குடி போயிராதீங்க, அந்த காசு எப்படியும் போயாச்சு, அத இந்த முடிவுல சேக்காதீங்க.

குளச்சல் வாசகி: அம்மாவுக்கு 68 வயசு. ஒரு வருசமா சொன்னதையே திருப்பி கேக்காங்க, போன மாசம் சர்ச்சுல இருந்து வர்ற வழி குழம்பி நின்னுருக்காங்க. வயசானா இப்படித்தான்னு அண்ணன் சொல்லுகான். விட்டுரலாமா?

விடாதீங்க தங்கச்சி. மேல எழுதினவங்க விசயம் எல்லாம் வேற, இது வேற. பேரு சட்டுன்னு வராம கொஞ்சம் கழிச்சி வர்றது, சாவிய தேடுறது, இதெல்லாம் வயசோட வர்றது. பழகின வழி தெரியாம நிக்கிறது, பத்து நிமிசத்துக்கு முன்னாடி கேட்டதையே கேக்குறது, எப்பவும் வெக்கிற மீன் கறியில எதுக்கு அப்புறம் எதுன்னு குழம்புறது, ரூபா கணக்கு தப்புறது, இதுல ஏதாவது ஆரம்பிச்சி கூடிக்கிட்டே போனா டாக்டர் பாத்தே ஆகணும். பயப்படுறதுக்காக சொல்லல. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை இதெல்லாம் கூட இப்படி காட்டும், இதுல பலத சரி பண்ணலாம், தைராய்டும் பி12ம் ரத்த டெஸ்டுலயே தெரியும்.

காது எப்படி கேக்குதுன்னும் பாருங்க. கேக்காத ஆளு திருப்பி திருப்பி கேக்குறத மறதின்னு நெனைச்சிக்கிற வீடு நெறைய இருக்கு, அது போக காது கேக்காம விட்டா டிமென்ஷியாங்கிற மறதி நோய் வர்ற ஆபத்தும் கூடுது. 2024ல லான்செட்ங்கிற மருத்துவ பத்திரிகையோட கமிஷன் போட்ட அறிக்கையில தடுக்கக்கூடிய 14 காரணத்துல காதும் ஒண்ணு, கண் பார்வை, சுகர், பிரஷர், புகை, குடி, தனிமை எல்லாம் அதுல இருக்கு, 14ஐயும் சரி பண்ண முடிஞ்சா உலகத்துல வர்ற டிமென்ஷியாவுல சுமார் 45 சதவீதம் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும்னு அவங்க கணக்கு.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கே கூட்டிட்டு போகலாம். அம்மாவ மட்டும் அனுப்பாதீங்க, அவங்க "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னுதான் சொல்லுவாங்க, கூட இருந்து பாக்குற நீங்க போங்க. எப்ப ஆரம்பிச்சுது, என்னென்ன நடந்துச்சுன்னு தேதியோட ஒரு பேப்பர்ல எழுதிக்கிடுங்க, வீட்டுல அவங்க போடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு கவர்ல போட்டு கையோட எடுத்துட்டு போங்க. அண்ணனையும் கூட கூட்டிட்டு போங்க, டாக்டர் சொல்லுறத அவரும் நேர்ல கேக்கட்டும்.